விம்மக், பெ.

ஹல் நகரம், 1991.
பந்தயக் கடைக்கு மேலே வாடகை அறை.
சீறிக்கொண்டே இருக்கும் ஒரு கேஸ் கணப்பு.
செருப்புப் பெட்டிகளில், அகரவரிசைப்படி,
ஓர் ஊரின் வாய்.

இதுவரை சிக்கியவை:
டென்ஃபுட். வீட்டுக்குப் பின்னால் ஓடும் பத்தடிச் சந்து.
முதல் சான்று ஒரு கிரயப் பத்திரம்.
மாஃப்டிங். புழுக்கம், இங்கே வருடத்தில் நான்கு நாள்.
சான்று, ஒரு பாதிரியார் தங்கைக்கு எழுதிய புலம்பல்.
மூன்று நாள் கோடீஸ்வரன்:
ஐஸ்லாந்துக் கடலில் மூன்று வாரம் கிடந்துவிட்டுக்
கரையில் மூன்றே நாளில் சம்பளத்தை ஊதித் தள்ளுகிறவன்.
அவனுக்குச் சான்று
தையற்காரர் ஒருவரின் வராக்கடன் ஏடு.

காதால் கேட்டது செல்லாது.
எழுத்தில் வேண்டும், தேதியோடு வேண்டும், பக்க எண்ணும் வேண்டும் என்று
லீட்ஸிலிருந்து தலைமைப் பதிப்பாளர்
சிவப்பில் அடிக்கோடு போட்டு அனுப்புவார்.

விம்மக் என்ற சொல்லை
நாற்பது பேர் சொன்னார்கள்.
நாற்பது பேரும் சிரித்தார்கள்.
அச்சில் ஓரிடத்திலும் இல்லை.
நானும் நோரிஸ் பிளென்கினும்
துறைமுகக் கணக்கு, தொழிற்சங்கத் தீர்மானம்,
மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டின் எழுபது வருடக் குற்றப் பதிவு
அத்தனையும் தும்மித் தும்மிப் புரட்டினோம்.
நிலக்கரி திருடியவன் இருக்கிறான். கயிறு, பித்தளைக் குமிழ்,
ஒருமுறை ஓர் ஆர்மோனியம்.
விம்மக் இல்லை.

கீழே குதிரை தோற்ற கையோடு
மேவிஸ் ஸ்டாதர்ஸ் மாடியேறி வந்தாள்.
என்ன தேடுகிறோம் என்று கேட்டாள். சொன்னேன்.
"கோர்ட்டுல எப்படிக் கெடைக்கும்?
நாங்க மாட்டினாத்தானே?"

மீன் அறுக்கும் கூடம். ரப்பர் ஏப்ரனுக்கு உள்ளே,
இடுப்போடு இறுக்கிக் கட்டிய நேற்றைய செய்தித்தாள்.
அதற்குள் இரண்டு ஹேடாக்.
ஈரம் தொடை வரைக்கும் இறங்கும்.
வாசலில் சோதனை போடும் மேஸ்திரியிடம்
வானிலை பற்றி அவசரமில்லாமல் பேச வேண்டும்.

"அப்போ விம்மக்னா மீனா, திருட்டா?"
"ரெண்டும் இல்ல.
நின்னு பேசறோம் பாரு, அந்த நேரம்."

நோரிஸ், பெ. என்று எழுதியிருந்ததன் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டான்.

எழுத்தில் இல்லையே என்றேன்.
மேவிஸ் என் பேனாவை வாங்கினாள், ஓர் அட்டையை இழுத்தாள்.
"1962. ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு விம்மக் அடித்தேன்.
ஹேடாக் இரண்டு, நடுத்தரம். வருத்தம் ஏதுமில்லை."
கையெழுத்து. கீழே இன்றைய தேதி.

எழுதிய நாள்தான் சொல்லின் பிறந்த நாள். விதி அப்படி.
எத்தனையோ வாய்களில் கிழடு தட்டிய சொல்
செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பிறந்தது.
செல்லுமா என்றான் நோரிஸ்.
புகார் கொடுக்கவும் ஆளில்லை: கம்பெனி திவால்,
மீன்துறை மூடிப் பதினாறு வருடம்,
எடைத் தராசைக்கூட ஏலத்தில் எடுத்துப் போனார்கள்.

வாசலில் மேவிஸ் நின்றாள்.
காற்று கிழக்கே திரும்பிவிட்டது என்றாள்,
நாலு மணிக்குள் கொட்டும் என்றாள்,
நோரிஸின் முழங்காலை விசாரித்தாள்.
ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

சாயங்காலம் அட்டையில் முத்திரை எழுத்திடப் பேனாவைத் தேடினேன்.
மேசையில் இல்லை, கீழேயும் இல்லை.
நோரிஸ் என்னைப் பார்த்து
அந்தச் சொல்லை மட்டும் சொன்னான்.

இரண்டாவது சான்று, அதே தேதி,
பச்சை மூடிப் பேனா ஒன்று.
பென்சிலால் எழுதி முடித்தபின்தான்
கோர்ட் ஏடுகள் நினைவுக்கு வந்தன:
அதில் பெயர் ஏறியவர் எல்லாம் மாட்டியவர்.

அட்டையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.
கீழே பந்தயக் கடை வாசலில் வீட்டுக்காரன்
குடையை உதறிக்கொண்டு நின்றான்.
அவனிடம் காற்றைப் பற்றி
இரண்டு வார்த்தை பேசினேன்.